டைம்டேபிள்ல ரெண்டு பீரியட் குடுங்க: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரில கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துறேன், ஆறு வருஷமா இணையத்துல வீடியோவா வர்ற என்பிடெல் கோர்ஸ்களுக்கு மென்டராவும், அதாவது அத எடுக்குற எங்க காலேஜ் புள்ளைங்களுக்கு வழிகாட்டியாவும் இருக்கேன். ரொம்ப நாளா மனசுல கெடக்குறத இன்னிக்கு எழுதிடறேன்.

ஒவ்வொரு செமஸ்டரும் ஆரம்பிச்ச உடனே நமக்கு வர்ற முதல் கேள்வி என்ன, "எத்தனை பேர சேத்தீங்க?" அதான். காலேஜுக்குத் தரம் போடற நாக் குழுவுக்குக் காட்டுற பைலுக்கு எண்ணிக்கை வேணும்னு எனக்கும் தெரியுது, அதுல தப்பு சொல்லல. ஆனா சேந்த புள்ளைங்க வீடியோ பாக்குறாங்களான்னு யாருமே கேக்கறதில்ல. அசைன்மென்டுக்குக் கடைசி நாள் புதன்கிழமை ராத்திரி, அன்னிக்கு சாயந்திரமே விடை டெலிகிராம்ல வந்துடுது, பத்து நிமிஷத்துல டிக் பண்ணிட்டுப் படுத்துடறாங்க. நான் வேலை பாத்த ஒரு காலேஜ்ல ஒரு பையன் அசைன்மென்ட்ல 25-க்கு 25 வாங்கினான், பரீட்சைல 75-க்கு 18. பாஸுக்கு பரீட்சைல மட்டும் 30 வேணும், போயிடுச்சு. ஆயிரம் ரூபா பரீட்சை ஃபீஸ் அவங்க அம்மா கட்டினது. அந்தப் பையன் மக்கு இல்லைங்க, வீடியோவ பாத்துட்டு சந்தேகம் கேக்க அவனுக்கு ஒரு எடம் இல்ல, அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு விஷயம் பண்ணிப் பாத்தேன். சென்னை மேதமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் மாதவன் முகுந்த் சார் நடத்துற பைத்தான் கோர்ஸ், எட்டு வாரம். வீடியோவ வீட்டுல பாத்துட்டு வாங்க, சனிக்கிழமை காலைல லேப்ல உக்காந்து கணக்கு போடலாம்னு சொன்னேன். வீட்டுல நெட் இல்லாதவங்களுக்கு வீடியோவ டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல குடுத்தேன், இங்கிலீஷ் வேகம் புடிபடாதவங்க ஓட்டத்தக் குறைச்சு வெச்சுப் பாத்தாங்க. வரிசையா இருக்குற ரெண்டு பட்டியல ஒண்ணா சேத்து அடுக்குற மெர்ஜ் சார்ட் முறை வந்த வாரம் பாதிப் பேருக்கு விளங்கல. இன்டர்னல் விடைத்தாள் ரெண்டு கட்டு எடுத்தேன், ரெண்டுலயும் ரெஜிஸ்டர் நம்பர் வரிசையா அடுக்கியிருக்கு, "இத ஒரே கட்டாக்கு"ன்னு கடைசி பெஞ்ச் பொண்ணுகிட்ட குடுத்தேன். அவ ரெண்டு கட்டோட மேல் தாளையும் பாத்து எது சின்ன நம்பரோ அத எடுத்து கீழ வெச்சா, மறுபடி பாத்தா, மறுபடி வெச்சா. ஒரு கட்டு தீந்ததும் மிச்சத்த அப்படியே தூக்கி அடில சொருகிட்டு நிமிந்து பாத்தா பாருங்க, "சார் இத்தன நேரம் அவரு சொன்னது இதானா?"ன்னு. அதுக்கப்புறம் புரோகிராம அவளே எழுதினா, மத்தவங்களுக்கும் அவதான் சொல்லிக் குடுத்தா.

வீடியோவுல வாத்தியார் எவ்வளவு அருமையா நடத்தினாலும் அந்த விடைத்தாள் கட்ட எடுத்துக் கைல குடுக்க பக்கத்துல ஒரு ஆள் வேணும்ங்க. இ-லேர்னிங் வந்துட்டா ஆசிரியர் வேலை கொறையும்னு நினைக்கிறது தப்புக் கணக்கு. கரும்பலகைல எழுதிப் போடற நேரம் மிச்சமாகுது, அந்த நேரத்த புள்ளைங்க பக்கத்துல உக்கார செலவு பண்ணணும்.

வழியெல்லாம் ஏற்கனவே தொறந்துதான் இருக்கு. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேந்து 2003-ல ஆரம்பிச்ச என்பிடெல் பாடங்கள் இலவசமாவே கெடக்கு, பல கோர்ஸுக்குத் தமிழ் உரையும் இருக்கு. என்பிடெல் கோர்ஸ்களும் வர்ற மத்திய அரசோட ஸ்வயம் தளம் வழியா எடுக்குற பாடத்துக்கு, டிகிரில கணக்காகுற கிரெடிட் குடுக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2016-ல ஒரு செமஸ்டர் பாடங்கள்ல 20 சதவீதம் வரைக்கும் அனுமதிச்சது, 2021-ல அத 40 ஆக்கிடுச்சு. ஆனா பல எடத்துல இன்னமும் இது ரெகுலர் பாடத்துக்கு மேல ஏத்தி வெச்ச சுமையாத்தான் இருக்கு, அதனாலதான் புள்ளைங்க டெலிகிராமத் தேடுறாங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. கோர்ஸ் எடுத்த புள்ளைங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு பீரியட் டைம்டேபிள்லயே போடுங்க, மென்டருக்கு அத வொர்க்லோட்ல சேருங்க, கிரெடிட்ட மாத்திக் குடுங்க, அதே பாடத்த மறுபடி கிளாஸ்ல நடத்தி ரெண்டு பரீட்சை எழுத வைக்காதீங்க. சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் லேப் தொறந்து இருக்கட்டும், ஏன்னா அம்மா வேலைக்குப் போயி வந்தாத்தான் வீட்டுல போன் கைக்குக் கெடைக்கும்னு இருக்கற புள்ளைங்க என் கிளாஸ்லயே நாலு பேர் இருக்காங்க. பரீட்சை ஃபீஸ் கட்ட முடியாதவங்களுக்கு காலேஜே கட்டுனா ரொம்ப நல்லாருக்கும்.

ஜூலை செமஸ்டருக்கு டைம்டேபிள் போடறதுக்கு முன்னாடி ஒங்க காலேஜ் மென்டர ஒரு தடவ கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுங்க. எத்தனை பேர் சேந்தாங்கன்னு கேக்காதீங்க, எந்த வாரத்துல புள்ளைங்க நின்னு போறாங்கன்னு கேளுங்க, மென்டருக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.

அன்புடன்,
ஒரு என்பிடெல் மென்டர்