லவண்டர் ஊரில் என்ன சாப்பிடுகிறார்கள்?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் பிந்தியதற்குச் சோம்பல் காரணம் இல்லை, நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒன்ராறியோவில் லவண்டர் பண்ணை ஒன்றின் பக்கத்தில் தென் பிரான்சின் புரோவென்ஸ் பாணியில் கிராமத்துச் சாப்பாட்டுக்கடை போடப் போகிறாய், "நீ இத்தனை வருடம் பிரான்ஸ் குசினியில் நிற்கிறவன், அந்த ஊர்களில் என்ன சமைக்கிறார்கள் என்று எழுது" என்றாய். நான் நின்றதெல்லாம் பாரிஸ் குசினி, மச்சான். கோப்பை கழுவித் தொடங்கி சோஸ் வைக்கிற இடம் வரை வந்துவிட்டேன், ஆனால் லவண்டர் வயலைக் கலண்டரில்தான் பார்த்திருந்தேன். ஆகவே ஓகஸ்ட் 15 லீவுக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு போனேன். (மடு மாதா திருநாளில் பூப் பார்க்கப் போனதற்கு வாங்கிய பேச்சு தனிக்கதை.)

ஊரின் பெயர் சோ. பிரெஞ்சில் எழுதுவதற்கு ஐந்து எழுத்து (Sault), சொல்வதற்கு ஒன்றுதான். புரோவென்ஸின் வொக்ளூஸ் மாவட்டத்தில், ஏறக்குறைய 765 மீட்டர் உயரத்தில், ஒரு பாறை மூக்கில் குந்தியிருக்கிற ஊர். எதிரே மொட்டைத் தலையோடு வொந்து மலை. ஒவ்வொரு ஓகஸ்ட் 15ஆம் திகதியும் அங்கே லவண்டர் விழா. தோளில் சாக்கைக் கட்டிக்கொண்டு அரிவாளால் பூ அறுக்கும் போட்டிகூட உண்டு. வயல்களில் இப்போது மெசின்தான் அறுக்கிறது, அரிவாள் விழாவுக்கு மட்டும்.

நாங்கள் போனபோது பாதி வயல் அறுத்து மொட்டை. மனிசிக்குச் சரியான ஏமாற்றம். நீ மனதில் வைத்திருக்கிற அந்த ஊதா நிறம் வருடத்தில் சில கிழமைகள்தான். மற்ற நாளெல்லாம் சாம்பல் பச்சை. ஊருக்குள்ளும் ஊதாச் சுவர் ஒன்றையும் நான் காணவில்லை, கல்லின் நிறம்தான். நீ சுவருக்கு ஊதா அடிக்கப் போவதாக எழுதியிருந்தாய், கொஞ்சம் பொறு.

அங்கேதான் இரண்டு சாதி லவண்டர் இருப்பது எனக்குத் தெரிய வந்தது. மேட்டில் வளர்வது அசல் லவண்டர். காம்பு குட்டை, ஒரு காம்பில் ஒரு கதிர், விதையில் முளைத்தால் பக்கத்துப் பக்கத்துச் செடியே வேறு வேறு ஊதா. இதன் எண்ணெய்க்கு 1981 முதல் அரசாங்க முத்திரை இருக்கிறது, 800 மீட்டருக்கு மேல் விளைந்தால்தான் அது கிடைக்கும். மற்றது லவாந்தான், கலப்புச் சாதி. காம்பு நீளம், பக்கக் கிளையிலும் பூ. அதற்கு விதை பிடிக்காது, தடி வெட்டித்தான் நட வேண்டும். அதனால் வரிசை முழுக்க அச்சில் வார்த்த மாதிரி ஒரே உருண்டை. கலண்டர் படங்களில் பெரும்பாலும் இதுதான். அசல் லவண்டரில் ஒரு லீற்றர் எண்ணெய் எடுக்க 100 கிலோவுக்கு மேல் பூ வேண்டும், லவாந்தானில் 40 கிலோ அளவே போதும். விலை குறைவு, கற்பூர வாசம் கூட. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தில் மணப்பது அதுதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் பட்டும் இருக்கிறேன். முன்பொருமுறை ஒரு சந்தையில் ஊதாப் பொட்டலம் ஒன்று வாங்கிவந்து, ஒரு கைப்பிடியைப் பாலில் கொதிக்க வைத்து வீட்டில் கஸ்ரட் செய்தேன். மகள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "அப்பா, இது சாப்பிடவா, குளிக்கவா?" என்று கேட்டாள். அலுமாரிக்குள் உடுப்போடு வைக்கிற பொட்டலமாம் அது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில் மத்தியானம் இருந்தோம். பத்து மேசைகூட இராது. முதலில் வந்தது ஒரு சூப், தடிப்பு நம்முடைய ஒடியல் கூழ் மாதிரி. செம்மறி எலும்பு, லீக்ஸ், கரட் போட்டு பெத்தி எப்போத்ர் என்ற தானியத்தை நன்றாக அவித்திருந்தார்கள். பழைய காலத்துக் கோதுமை. விளைச்சல் குறைவு, உமி நீக்குவதும் பெரிய வேலை, அதனால் பல காலம் கைவிடப்பட்டுக் கிடந்தது. இப்போது குரக்கன் மாதிரித் திரும்பி மேசைக்கு வந்து, விலையும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நன்றாக வெந்தும் பல்லுக்குள் ஒரு மெல்லிய கடி நிற்கும், அதுதான் அதன் அழகு. அப்புறம் செம்மறி இறைச்சி. அதற்குப் பிறகு, செஸ்நட் இலையில் சுற்றி ரஃபியா நாரால் கட்டிய பானோன் ஆட்டுப்பால் சீஸ். இலையை விரித்தால் உள்ளே கரண்டியால் அள்ளும் பதம். கூடவே லவண்டர் தேன், வெள்ளை வெளேரென்று, நெய் உறைந்த மாதிரி.

லவண்டர் எங்கே என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கிரேம் புருலேயில், அதுதான் மேலே சீனியைக் கருக்கிய கஸ்ரட், அதில் வந்தது, அதுவும் மூக்குக்குத்தான், நாக்குக்கு இல்லை. குசினிக்காரன் என்று சொல்லி உள்ளே போய்க் கதைத்தேன். சூடான பாலில் சில பூக்களைப் போட்டு, பத்து நிமிடத்தில் வடித்துவிடுவார்களாம். சமைக்கிற அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், அவருடைய பாட்டி லவண்டரை அலுமாரிக்குள்தான் வைத்தாராம், சட்டிக்குள் ஒருநாளும் போட்டதில்லையாம், இதெல்லாம் வருகிறவர்கள் கேட்பதால்தானாம். நாங்கள் மல்லிகையைத் தலையில் வைப்போமே தவிரக் குழம்பில் போடுவோமா?

ஆகவே உன் மெனுவைத் திருப்பி அனுப்புகிறேன். லவண்டர் கோழி, லவண்டர் சூப், லவண்டர் பாண், மூன்றையும் வெட்டியிருக்கிறேன். கோபிக்காதே. ஒரு கிரேம் புருலே மட்டும் இருக்கட்டும். பக்கத்துப் பண்ணையில் எந்தச் சாதி என்று முதலில் கேள். காம்பில் கிளை இருந்தால் கழிவறையில் வைக்க நல்லது, குசினிக்கு வேண்டாம். பெத்தி எப்போத்ரை உங்கள் பக்கம் ஐன்கோர்ன் என்று கேட்டால் தருவார்கள். முதல் நாள் இரவே ஊறப் போடு, சீக்கிரம் வேகும். உப்பைக் கடைசியில் போடு.

மனிசி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உன் முழங்கால் நோ இப்போது எப்படி? அதை எழுத மறந்துவிட்டாயே.

அன்புடன்,
உன் மச்சான்