கேலப் லவ்வை நாம் வழியனுப்பவே இல்லை: கரோலைனா ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட கரோலைனா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் அன்புள்ள ரசிகர்களே, குறிப்பாகக் கேரி, மாரிஸ்வில், சேப்பல் ஹில் பக்கம் குடியிருந்துகொண்டு மார்ச் மாதம் பிறந்தாலே வெளிர்நீலச் சட்டையைத் தேடி எடுக்கும் தமிழ்ச் சொந்தங்களே,

வணக்கம்.

2025 மார்ச் 27 இரவு, தேசியக் கல்லூரிக் கோப்பைக்கான என்சிஏஏ போட்டித்தொடரில், நம் பரம எதிரி டியூக்கும் அரிசோனாவும் நியூவார்க்கில் மோதிய ஆட்டத்தை நம்மில் பலர் கண் விழித்துப் பார்த்தோம். நம் அணி ஒரு வாரம் முன்பே ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியிடம் தோற்றுத் திரும்பிவிட்டது. அந்த ஆட்டத்தில் நமக்கென்று எதுவும் இல்லை. இருந்தும் உட்கார்ந்திருந்தோம். டியூக் தோற்க வேண்டும், அதுவும் நம் அணியில் மூன்று வருடம் ஆடிவிட்டு அரிசோனாவுக்குப் போன கேலப் லவ்வின் கையால் தோற்க வேண்டும் என்ற ஆசை. அவர் 35 புள்ளி எடுத்தார். போதவில்லை. 100-93 என்று டியூக் ஜெயித்தது. அவருடைய ஐந்து வருடக் கல்லூரி ஆட்டம் அத்தோடு முடிந்தது.

அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தைத் தூக்கும்போதெல்லாம் நான் "போடு, போடு" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் மகள் கேட்டாள்: "நம்ம டீம்ல இருந்தப்போ போடாத, போடாதன்னுதானேப்பா கத்துவீங்க?"

அன்றிரவு அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன். உங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் உங்களுக்கே அனுப்புகிறேன்.

செயின்ட் லூயிஸிலிருந்து 2020-இல் அவர் வந்தபோது ஊரே கோவிட்டில் அடைந்து கிடந்தது. 21,750 பேர் உட்காரும் நம் சொந்த அரங்கமான டீன் டோம் ஏறக்குறைய காலி. பெரிய பெயரோடு வந்த பையன் முதல் வருடம் நிறையத் தவறவிட்டார். ஆனால் 2021 பிப்ரவரியில் டியூக்கின் சொந்த அரங்கமான கேமரனுக்குள் போய் 25 புள்ளி எடுத்து டியூக்கை 91-87 என்று சாய்த்தார். கைதட்ட ஆள் இல்லாத வருடம் என்பதால் அதை நாம் பெரிதாகக் கொண்டாடவில்லை. அந்த வசந்தத்தில் நம் கோச் ராய் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றார். ஹியூபர்ட் டேவிஸ் கோச் ஆனார். லவ் இருந்தார்.

பிறகு 2022. அதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5 அன்று டியூக் கோச் ஷஷெஃப்ஸ்கிக்கு கேமரனில் கடைசி ஆட்டம். அவருடைய பழைய மாணவர்கள் எல்லாம் வந்து அரங்கில் வரிசையாக நின்றார்கள். அந்த விருந்து வீட்டுக்குள் புகுந்து நம் பிள்ளைகள் 94-81 என்று ஜெயித்தார்கள். லவ்வுக்கு 22. அடுத்து என்சிஏஏ தொடரில், ஃபிலடெல்ஃபியாவில் யூசிஎல்ஏ அணியோடு ஆட்டம். முதல் பாதியில் அவர் எடுத்தது வெறும் மூன்று புள்ளி. இடைவேளையில் போய் ஷூவை மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டாம் பாதியில் 27. ஷூவுக்கும் புள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். முதல் பாதியில் எறிந்ததெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறித்த பிறகும், இரண்டாம் பாதியில் முதல் பந்தையே எறியத் தயங்காத ஒரு மனசு அது.

ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ். 1982-இல் மைக்கேல் ஜோர்டன் என்ற முதலாண்டு மாணவர் நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே சூப்பர்டோம். டியூக்கும் நாமும் என்சிஏஏ போட்டித்தொடரில் அதற்கு முன் ஒரு முறைகூட மோதியதில்லை. முதல் மோதலே கடைசி நான்கு அணிகள் ஆடும் ஃபைனல் ஃபோரில். நமக்கு ஒரு புள்ளி முன்னிலை, ஏறக்குறைய 25 வினாடி பாக்கி. டியூக்கின் ஏழடி உயர மார்க் வில்லியம்ஸ் கையை நீட்டி நிற்கிறார். அவர் தலைக்கு மேலாக லவ் எறிந்த மூன்று புள்ளி ஷாட் சத்தமில்லாமல் வலைக்குள் விழுந்தது. 78-74. ஆட்டம் முடிந்தபோது 81-77, லவ்வுக்கு 28. டியூக்கில் 42 பருவங்கள் கோச்சாக இருந்த மனிதரின் கடைசி ஆட்டம் அப்படி முடிந்தது.

நாங்கள் அன்றிரவே காரை எடுத்துக்கொண்டு, நம் ரசிகர்கள் கூடிக் கொண்டாடும் சேப்பல் ஹில் ஃபிராங்க்ளின் தெருவுக்குப் போனோம். வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். அப்போது மகளுக்குப் பதினொரு வயது. தோளில் தூக்க முடியாத வயது, இருந்தும் தூக்கினேன். முன்பின் தெரியாத மாணவர்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் "இது என் ஊர்" என்று எனக்கு முதல் முறை தோன்றியது அந்தத் தெருவில்தான். அதைக் கொடுத்தது இருபது வயதுப் பையன் ஒருவனின் வலது கை. மறுநாளே மகளுக்கு இரண்டாம் எண் சட்டை வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்து அதே சூப்பர்டோமில் கேன்சஸோடு இறுதிப் போட்டி. இடைவேளையில் நமக்கு 40-25 என்று முன்னிலை. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இறுதிப் போட்டி வரலாற்றில் அவ்வளவு பெரிய முன்னிலையை வேறு யாரும் கைவிட்டதில்லை. நம் பேக்காட் காயம்பட்ட கணுக்காலோடு போராடினார். கடைசி 4.3 வினாடியில் பந்து லவ்விடம் வந்தது. அவர் எறிந்தது விழவில்லை. 72-69 என்று கேன்சஸ் ஜெயித்தது. லவ் மொத்தம் 24 முறை எறிந்து ஐந்துதான் விழுந்தது.

அந்த 5/24 என்ற எண்ணைத்தான் நாம் பிடித்துக்கொண்டோம். சனிக்கிழமை 28 எடுத்தவரும் திங்கட்கிழமை 19 தவறவிட்டவரும் ஒரே ஆள் என்பது நமக்கு உறைக்கவே இல்லை. யூசிஎல்ஏ ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகும் எறிந்துகொண்டே இருக்க வைத்த குணம்தான் கேன்சஸ் ஆட்டத்திலும் எறிய வைத்தது. தவறவிட்டதை நினைத்துக் கை நடுங்குகிற ஆளாக அவர் இருந்திருந்தால், வில்லியம்ஸ் தலைக்கு மேல் அந்தப் பந்து போயிருக்கவே முடியாது. ஃபிராங்க்ளின் தெருவும் இல்லை, என் தோளில் மகளும் இல்லை.

அடுத்த பருவம் நமக்கு எல்லோருக்கும் மனக்காயம். தொடங்கும் முன்பே தரவரிசையில் முதலிடம் கொடுத்தார்கள். முடிந்தபோது 20 வெற்றி, 13 தோல்வி, என்சிஏஏ அழைப்பும் வரவில்லை. போட்டித்தொடர் 64 அணியான 1985-க்குப் பிறகு முதலிடத்தில் தொடங்கி அழைப்பே இல்லாமல் போன முதல் அணி நாம்தான். லவ் எறிந்த மூன்று புள்ளி ஷாட்களில் பத்துக்கு மூன்றுதான் விழுந்தது. "அவன் கையில பந்து போனா திரும்பி வராது" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதினார்கள். எல்லோரும் சிரித்தோம். மார்ச் கடைசியில் வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் அவர் பெயர் கொடுத்த செய்தி வந்ததும் "பீடை ஒழிந்தது" என்று ஒரு வரி வந்தது. அதை எழுதியது நான்.

இரண்டு வருடமாக அந்த வரி என்னை உறுத்துகிறது.

அவர் போனதால் நம் அணிக்கு நல்லது நடந்தது, அதை மறைக்க மாட்டேன். அவரோடு ஆடிய ஆர்ஜே டேவிஸ் கைக்குப் பந்து முழுசாக வந்தது. அடுத்த பருவத்தில் 29 வெற்றி, நாம் ஆடும் ஏசிசி லீக்கில் முதலிடம், டேவிஸ் ஏசிசியின் சிறந்த ஆட்டக்காரர். அவருக்கும் நல்லதுதான் நடந்தது. முதலில் மிஷிகன் என்றார், அது கூடிவரவில்லை. அரிசோனா போனார், அரிசோனா அப்போது ஆடிய பேக்-12 லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பிரிந்தது இரண்டு பக்கத்துக்கும் சரி. பிரிந்த விதத்தில் நம் பக்கம்தான் குறை இருந்தது.

"விசுவாசம் இல்லை" என்றோம். 2021-இல் விதி மாறியதால் ஒரு வருடம் உட்காராமலே இன்னொரு கல்லூரிக்குப் போக முடிந்தது. அதே வருடம் ஜூலையிலிருந்து தங்கள் பெயரை வைத்து மாணவர்கள் பணம் சம்பாதிக்கவும் வழி வந்தது. இதெல்லாம் விளையாட்டைக் கெடுத்துவிட்டது என்று புலம்பினோம். சரி. நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பிரேடி மேனெக் ஓக்லஹோமாவிலிருந்து வந்தவர். லவ் போன இடத்தை நிரப்ப வந்த ஹாரிசன் இங்கிராம் ஸ்டான்ஃபோர்டிலிருந்து, கோர்மாக் ரயன் நோட்டர் டேமிலிருந்து. ரயன் கேமரனில் 31 புள்ளி எடுத்த இரவில் விசுவாசம் பற்றி யாராவது பேசினோமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச் 28, லாஸ் ஏஞ்சலஸ். நாமும் அரிசோனாவும் ஒரே அரங்கில், ஒரே இரவில், அடுத்தடுத்து ஆடினோம். இரண்டு அணியும் ஜெயித்திருந்தால் ஃபைனல் ஃபோருக்காக லவ்வும் நாமும் மோதியிருப்போம். அரிசோனா முதலில் ஆடி கிளெம்சனிடம் தோற்றது. லவ் எறிந்த ஒன்பது மூன்று புள்ளி ஷாட்டில் ஒன்றுகூட விழவில்லை. "பார்த்தாயா, மாறவே இல்லை" என்று நம் ஆட்களிடமிருந்து எனக்குச் செய்தி மேல் செய்தி வந்தது. சில மணி நேரம் கழித்து நாம் அலபாமாவிடம் 89-87 என்று தோற்றோம். ஆர்ஜே எறிந்த ஒன்பது மூன்று புள்ளி ஷாட்டிலும் ஒன்றும் விழவில்லை.

ஆர்ஜேயை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் கூடாது. அழுதோம், "பாவம், பிள்ளை களைத்துவிட்டான்" என்றோம். அந்தப் பாவத்தில் பாதியையாவது இன்னொரு பிள்ளைக்கும் கொடுத்திருக்கலாம். இருவரும் 2020-இல் ஒன்றாக வந்தவர்கள். இந்த மார்ச்சில் ஒரே வாரத்தில் முடித்துக்கொண்டார்கள்.

நம் பழைய கோச் டீன் ஸ்மித் ஏற்படுத்திய வழக்கம் நமக்குப் பெருமை. கடைசி உள்ளூர் ஆட்டத்தில் மூத்த மாணவர்களைத் தொடக்க அணியில் இறக்குவோம், பருவம் முழுக்க பெஞ்சில் இருந்தவராக இருந்தாலும் சரி. பெயர் சொல்லி அழைப்போம், அரங்கமே எழுந்து நிற்கும். ஆர்ஜேவுக்கு நின்றோம், பேக்காட்டுக்கு நின்றோம். லவ் மூன்றாம் வருடத்தோடு போனதால் அவருக்கு அது கிடைக்கவில்லை. டீன் டோமில் அவர் கடைசியாக ஆடியது 2023 மார்ச் 4, டியூக்கிடம் 62-57 என்று தோற்ற இரவு. அது வழியனுப்பு என்று நமக்குத் தெரியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கிங்கை நோக்கி நடந்தோம்.

அரிசோனா சட்டையைப் போட்ட பிறகும், 2023 நவம்பரில் கேமரனுக்குப் போய் டியூக்கை 78-73 என்று தோற்கடித்துவிட்டு வந்தார். கேமரனுக்குள் மூன்று வெற்றி. நம் சட்டையில் நான்கு வருடம் ஆடிய பலருக்குக்கூட வாய்க்காதது.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் சட்டையை உத்தரத்தில் தொங்கவிடச் சொல்லவில்லை. அதற்கு முறை இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையினரிடம் கேட்பது இதுதான்: 2022 அணியை என்றைக்காவது டீன் டோமுக்கு அழைப்பீர்கள், அழைக்கத்தான் வேண்டும். அன்று லவ்வுக்கும் தனியாக ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். அழைப்பிதழ் தபாலில் போட்டால் வருவாரோ என்னவோ, நேரில் போய்க் கூப்பிட்டால் மறுக்க மாட்டார்.

நம் ஆட்களிடம் கேட்பது: நாளைக்கு எந்த என்பிஏ அணியில் இடம் கிடைத்து அவர் சார்லட்டுக்கு ஆட வந்தாலும், வாய்ப்பிருந்தால் வண்டி கட்டிக்கொண்டு போவோம். நான் போவேன். மகளுக்கு வாங்கிய இரண்டாம் எண் சட்டை இப்போது அவளுக்குப் பத்தாது. அதைத் தம்பி போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

டீன் டோமில் ஒலிபெருக்கியில் அவர் பெயர் வரும் நாளில், பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தோளைத் தட்டி "எழுந்திருங்க" என்று சொல்லப்போகிறேன். அது நீங்களாக இருந்தால் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.

அன்புடன்,
கேரியிலிருந்து உங்களில் ஒருவன்
ஏப்ரல் 2025