அணியும் எண்ணடுக்கும்: எங்கள் கூட்டு நூலுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெரியோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

அறிவியல் கணிப்புக்கான திறமூல மென்பொருள்களைப் (மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடியவை) பற்றித் தமிழில் ஒரு நூலைச் சேர்ந்து எழுதுவதென்று மொரீசியசில் வாழும் நாங்கள் ஒன்பது பேர் முடிவுசெய்தபோது, எங்களிடம் ஆர்வம் இருந்ததே தவிரத் திட்டம் இருக்கவில்லை. இன்று பதினோரு இயல்களுக்கான பொருளடக்கமும், கலைச்சொற் பட்டியலும், எந்த இயலை யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது என்ற பங்கீடும் ஆயத்தமாக உள்ளன. இவற்றில் பிறருடைய உழைப்பே மிகுதி என்பதால், முதல் இயலைத் தொடங்கும் முன்பே நன்றி சொல்லிவிட விரும்புகிறோம்.

முதல் நன்றி, ரோஸ் ஹில் வட்டாரத்து எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்கு. எண்கணிப்புக்கான ஆக்டேவுக்கு ஓர் இயல், புள்ளியியலுக்கான ஆர் மொழிக்கு ஓர் இயல், குறியீட்டு இயற்கணிதத்துக்கான மாக்சிமாவுக்கும் எண்கணிப்புக்கே உரிய சைலேபுக்கும் ஒவ்வோர் இயல் என்றுதான் நாங்கள் முதலில் வகுத்திருந்தோம். அதைப் படித்துப் பார்த்த மாணவர்கள், தங்களுக்கு வேண்டியது மென்பொருள்களின் வரிசை அன்று, கணக்கைத் தீர்க்கும் வழியே என்று தயங்காமல் சொன்னார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது ஏன் என்று ஒரு மாணவி கேட்டார்; கணினி எண்களை இரும முறையில் (0, 1 ஆகிய இரு இலக்கங்களால்) வைத்திருப்பதால் 0.1 என்ற பின்னம் அதற்குள் முழுமையாக அடங்குவதில்லை என்ற விளக்கமே இப்போது எங்கள் முதல் இயலாகியிருக்கிறது. சமன்பாடு, வரைபடம், புள்ளியியல், வகைக்கெழுச் சமன்பாடு எனக் கணக்கை ஒட்டியே மற்ற இயல்களும் அமைகின்றன.

எங்களை நெடுநாள் தடுத்து நிறுத்தியது ஒரே ஒரு சொல். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில், எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய ‘மேட்ரிக்ஸ்’ என்பதற்கு அணி என்று பெயர். கணினிப் பாடநூல்களிலோ, மதிப்புகளை வரிசையாகச் சேர்த்துவைக்கும் ‘அரே’ என்பதற்கும் அதே பெயர். பள்ளி வகுப்பில் இது பெருங்குறை ஆகாது. ஆனால் 1, 2 முதல் வரிசையிலும் 3, 4 இரண்டாம் வரிசையிலும் உள்ள ஒன்றை அதனாலேயே பெருக்கும்போது, பைத்தானின் எண்கணிப்புத் தொகுப்பான நம்பையின் அரேயில் உடுக்குறி (*) இட்டால் 1, 4, 9, 16 என உறுப்புக்கு உறுப்பு பெருகும். அதே குறியை ஆக்டேவில் இட்டால் 7, 10, 15, 22 என, வரிசையை நிரலோடு பெருக்கிக் கூட்டும் மேட்ரிக்ஸ் பெருக்கமாகும். இரண்டையும் அணி என்றே எழுதியிருந்தால் வாசகர் நிச்சயமாகத் தடுமாறியிருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய கணித ஆசிரியர் ஐயா அவர்கள், ஈழத்துப் பாடநூல்களில் மேட்ரிக்ஸுக்கு வழங்கும் ‘தாயம்’ என்ற சொல்லை எடுத்துக்காட்டி, இரண்டுக்கும் இரு சொற்கள் இருந்தே ஆகவேண்டும் என்று எங்களை உறுதியாக வற்புறுத்தினார். மேட்ரிக்ஸ் அணியாகவே இருக்க, அரே ‘எண்ணடுக்கு’ ஆயிற்று; தாயம் என்ற சொல்லும் முதன்முறை வரும் இடத்தில் உடன் அச்சாகும். தம் சொல் முதலிடம் பெறாதபோதும் பட்டியல் முழுவதையும் இருமுறை திருத்தித் தந்த அவருடைய பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம்.

வரைபடங்களின் அச்சுக்கோட்டில் ‘கோணம்’ என்று எழுதினால், வரைபடம் வரைய நாங்கள் பயன்படுத்திய பைத்தான் தொகுப்பான மேட்பிளாட்லிப்பின் பதிப்பில் கொம்பு இடம் மாறி எழுத்துச் சிதைந்து நின்றது. இதை முதலில் கண்டவர் காத்ர் போர்னைச் சேர்ந்த அச்சுக்கோப்புத் தொழில் செய்யும் தங்கை ஒருவர். தமிழ் எழுத்துகளைச் சரியாக இணைக்கும் சீலாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியே தலைப்புகளை இடும் முறையையும் அவரே அமைத்துக் கொடுத்தார்.

உரிமம் பற்றி நாங்கள் அக்கறையின்றி இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டணம் பெறாமல் அறிவுரை வழங்கிய வழக்கறிஞர் அம்மையார், எழுதும் ஒவ்வொருவரிடமும் இசைவைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெறச் செய்தார். வில்லியம் ஷெல்ட்டர் பேணிவந்த மாக்சிமாவை, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம்தரும் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிட 1998-இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் இசைவு கிடைத்ததும், 2001-இல் அவர் மறைந்த பின்னரும் பிறர் அப்பணியைத் தொடர முடிந்ததும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உரைப்பகுதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரும் நிபந்தனையோடு வெளிவரும்.

வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர், 2024 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிசை வெள்ளத்தில் ஆழ்த்திய பெலால் புயலை எடுத்துக்காட்டாகக் கொள்ளுமாறு கூறி, காற்றழுத்தத்தை எப்படி வரைபடமாக்குவது என்று ஒரு முழு மாலை சொல்லிக்கொடுத்தார். அந்த இயல் அவருடையதே.

கோயில் மண்டபத்தை ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் திறந்துவைத்த நிர்வாகத்தினருக்கும், கடைசிக் கூட்டத்தன்று வாழையிலையில் ஏழு கறியோடு விருந்து படைத்த அம்மாமார்களுக்கும் எங்கள் நன்றி. முதல் மூன்று இயல்களின் வரைவு தைப்பூசத்திற்குப் பிறகு அதே மண்டபத்தில், அதே மாணவர்கள் முன்னிலையில் வாசிக்கப்படும். அனைவரும் வந்து குறை கூறித் திருத்தித் தருமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நூல் திட்டக் குழுவினர்,
ரோஸ் ஹில், மொரீசியசு