இடமிருந்து மூணாவதா நிக்கறவரு யாருங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

உங்க பேப்பர்ல விழா போட்டோ போட்டா கீழ 'இடமிருந்து வலம்'னு ஆரம்பிச்சு நிக்கறவங்க பேரு பூராத்தையும் போடறீங்க இல்லைங்களா, அந்தப் பழக்கத்தைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி. நம்ம ஊட்டுப் போட்டோல ஒண்ணுலயாவது அப்படி எழுதி வெச்சிருக்கமா?

போன மாசம் எங்க அப்பிச்சி (அம்மாவோட அப்பா), வயசு 88, "கண்ணு, கண்ணபுரம் மாட்டுச் சந்தைல ஒரு மயிலைச் சோடி புடிச்சமே, அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டு"ன்னு கேட்டாரு. ஊட்டுல மொத்தம் 41,000 படம் இருக்குதுங்க, மூணு போன்ல எடுத்தது, ஒரு பழைய டிஜிட்டல் கேமரால எடுத்தது, அட்டாலில இருந்த டிரங்குப் பெட்டிய எறக்கி ஸ்கேன் பண்ணுனதுன்னு எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்ல கெடக்குது. போட்டோ ஆப்புல 'மாடு'ன்னு தேடுனா கட்டுத்தரை மாடு, பட்டிப்பொங்கல் மாடு, ரோட்டுல போன மாடுன்னு கொட்டுது, 'மயிலை'ன்னு போட்டா ஒண்ணுமே வரலை. மயிலை, செவலை, காரி, பிள்ளைன்னு மாட்டை நெறம் பாத்து நாம பிரிச்சுச் சொல்றது அதுக்குத் தெரியாது. 'கல்யாணம்'னா ஆயிரம் படம் வருது, கல்யாணத்துல நாம செய்யற 'இணைச்சீர்' சடங்கைப் போட்டா ஒண்ணும் இல்லை. மூணு ராத்திரி ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்துத்தான் அந்தச் சோடியக் கண்டுபுடிச்சேன். பாத்தா தேதி 2000 ஜனவரி 1னு இருக்குது, ஆனா சோடி புடிச்சது 2009 சித்திரைல.

ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எக்சிஃப்னு ஒரு குறிப்பு இருக்குதுங்க, எடுத்த தேதி, நேரம், கேமரா எதுன்னு அதுல தானாப் பதிஞ்சிருது. கேமரா பேட்டரி தீந்து கடிகாரம் பழையபடி மொதல்ல இருந்து ஓடுனா அந்தத் தப்புத் தேதிதான் பதியும். நல்ல வேளையா அதே வாரத்துல எங்க மாமன் மக கல்யாணம், அந்தப் படமும் அதே கேமராலதான், கல்யாணப் பத்திரிகைல சரியான தேதி இருந்துச்சு. எத்தனை நாள் வித்தியாசம்னு கணக்குப் பாத்து டிஜிகாம்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல அந்தக் கேமரா படம் 214ஐயும் ஒரே தடவைல தள்ளி வெச்சேன், எல்லாம் சரியாயிருச்சு. ஸ்கேன் பண்ணுன படத்துக்கு இப்படி முடியாது, அதுல ஸ்கேன் பண்ணுன நாள்தான் இருக்கும், நாமளே மாத்தணும். வாட்ஸ்அப்ல போட்டோவா வர்றதுல எடுத்த தேதியே இருக்காது, ஃபைல் பேருல IMG-20180115-WA0007ன்னு இருக்கறது அனுப்புன நாள்தான். ஒறம்பரைகிட்டப் படம் கேட்டா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, அப்பத்தான் தேதியோட முழுசா வரும்.

தேதி கூட எப்படியாச்சும் கண்டுபுடிச்சறலாமுங்க. பேருதான் வெசனம். மூஞ்சி பாத்துப் பிரிக்கற வசதி நெசமாவே நல்லாருக்குது, ஒருத்தருக்கு ஒருதரம் பேரு குடுத்தா அவரு இருக்கற படத்தையெல்லாம் ஒண்ணாச் சேத்துத் தருது (எங்கம்மாவையும் சின்னம்மாவையும் ஒரே ஆளுன்னு சேத்து வெச்சிருந்துச்சு, அதைக் கையாலதான் பிரிச்சேன்). ஆனா அந்த ஒரு பேரை நாமதானே சொல்லணும், நமக்கே தெரியலைன்னா? அதனால இப்ப தெனமும் பொழுதோட அப்பிச்சியையும் அம்மாயியையும் (அம்மாவோட அம்மா) டிவிக்கு முன்னால உக்கார வெச்சு ஒவ்வொரு படமாப் போட்டுக் கேட்டுக்கேட்டு எழுதறேன். எங்க சொந்தத்துல பழனிசாமி மட்டும் 7 பேருங்க, அதனால பேரோட ஊரு, தோட்டத்துப் பேரு, எங்களுக்கு என்ன மொறைன்னும் சேத்துப் போடறேன். எழுத்தும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு படத்துல பழனிசாமி இன்னொண்ணுல பழனிச்சாமின்னு அடிச்சு வெச்சா தேடும்போது பாதி விட்டுப்போகும், இதை நான் ஒரு வாரம் எழுதுன பொறவுதான் கவனிச்சேன்.

எழுதறதை எங்க எழுதறோம்ங்கறது அதைவிட முக்கியமுங்க. ஆப்புக்குள்ள எழுதுனா அது ஆப்போட போயிரும். கூகுள் போட்டோஸ்ல இருந்து படத்தை மொத்தமா எறக்குனா நாம எழுதுன குறிப்பு படத்துக்குள்ள இல்லாம ஜேசான்ங்கற தனி எழுத்து ஃபைலா வரும். டிஜிகாம்ல செட்டிங்ஸ்ல சொல்லிட்டா பேரு, குறிப்பு எல்லாத்தையும் படத்துக்குள்ளயே எழுதிரும், ஃபைல் எங்க போனாலும் பேரும் கூடவே போகும். தமிழ்ல அடிக்கறது எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியற யூனிகோட்லதான் இருக்கணும். 2003ல எங்க ஆல்பத்துக்கு டிடிபி கடைல ஒரு பட்டியல் அடிச்சு வாங்குனோம், அப்பத்த ஏதோ ஒரு ஃபான்ட், இன்னைக்குத் தொறந்தா பூராம் இங்கிலீஷ் எழுத்தாக் கெடக்குது, அதுல பேரு தேடி என்ன கெடைக்கும்? அந்தப் பட்டியலச் சொல்லிக் குடுத்த எங்க பெரியம்மாயி இப்ப இல்லைங்க.

காப்பி ரெண்டு போட்டு ஒண்ணைக் கோயமுத்தூர்ல தம்பி ஊட்டுல வெச்சிருக்கறேன்.

பேரு தெரியாதவங்களை அப்படியே விட்டறாம 'பேர் தெரியலை'ன்னே ஒரு டேக் போட்டு வெச்சேன். இப்ப அதைத் தேடுனா 61 மூஞ்சி ஒண்ணா வருது, நோம்பிக்கு யாரு வந்தாலும் அதை மட்டும் காட்டிக் கேக்கறோம், அப்படியே 9 பேருக்குப் பேரு கெடைச்சிருச்சு.

அதான் உங்களுக்கும் ஒரு வேண்டுகோளுங்க. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஒரு ஓரமா, வாசகருங்க அனுப்பற பழைய படம் வாரத்துக்கு ஒண்ணு போட்டு 'இதுல யாரு யாரு'ன்னு கேளுங்க. சொல்றதுக்கு ஆளு இருக்கறப்பவே கேட்டறணுமுங்க. மொதப் படத்தை நானே இதோட அனுப்பியிருக்கறேன், 1962ல தாராபுரத்துல எடுத்த கல்யாணப் படம். இடமிருந்து வலம்: அப்பிச்சி, அவரோட அண்ணன். மூணாவதா கோட்டு போட்டு, கைல குடையோட நிக்கறாரே, அவரு யாருன்னு அப்பிச்சிக்கும் நெனப்பு வரலை. பேரும் ஊரும் தெரிஞ்சவங்க சொன்னா அன்னைக்கே படத்துல ஏத்திருவேன்.

இப்படிக்கு
உங்க வாசகி,
வெள்ளக்கோயில் பக்கம்