பிரேக் போட்டிருந்த எஞ்சின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நோன்பு நேரத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். இன்று பிப்ரவரி 24. பாம்பன் பழைய பாலத்தைத் திறந்து 112 ஆண்டுகள். வழக்கம்போல் பாலத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கப்பலுக்கு வழிவிட மேலே எழும் ஷெர்சர் தூக்கிகளை ஆட்கள் நின்று கையால் சுழற்றித் திறந்ததைப் பற்றி இரண்டு பத்தி எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். உன் வீட்டுப் பொம்மை ரயில் இருந்த அந்தச் சிவப்புப் பெட்டியை மறுபடியும் பார்த்துவிட்டேன், மாப்பிள்ளை. அதற்குப் பிறகு பாலமாவது தூக்கியாவது.

உன் கைபேசிக்கே அனுப்பியிருக்கலாம். மூன்று முறை எழுதினேன். அங்கே அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய். ஊர் பார்க்க எழுதினால் அப்படி முடிக்க உனக்கு மனம் வராது. இதுவும் ஒரு தந்திரம்தான். என் தந்திரங்கள் உனக்குப் புதிதல்ல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று உனக்குத் தெரியவே தெரியாது என்பது போன வாரம்தான் எனக்கு விளங்கியது.

மற்றவர்களுக்காக நாலு வரி. ரயிலே வராத ஊர் கீழக்கரை. அங்கே இவன் வீட்டுப் பரணில் ஹார்ன்பி என்ற ஆங்கிலேயப் பொம்மை ரயில் ஒன்று இருந்தது. சாவி கொடுத்தால் ஓடும் தகர எஞ்சின், தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர், பக்கவாட்டில் எல்.எம்.எஸ். என்று ஓர் ஆங்கிலேய ரயில்வேயின் மூன்று எழுத்து. லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் செய்தது. சங்கு வியாபாரத்துக்காகக் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்த பெரியவர் 1950களின் தொடக்கத்தில் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேற்றித் தனுஷ்கோடியில் இறக்கினார். கப்பல் இர்வினா கோஷனா என்பதை அந்த வீட்டு மாமா ஒவ்வொரு பெருநாளுக்கும் மாற்றிச் சொல்வார். சுங்க அதிகாரி மேசை மேலேயே தண்டவாளத்தைப் பூட்டி, இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாராம். 1964-இல் ஹார்ன்பியைச் செய்துவந்த மெக்கானோ கம்பெனி வேறு கைக்கு மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. செய்த கம்பெனி, வந்து இறங்கிய ஊர் இரண்டின் கதையும் ஒரே ஆண்டில் மாறிப்போனது. இப்படிப்பட்ட பொருத்தங்களைக் கண்டுபிடித்து மகிழ்வதுதான் என் பிழைப்பு என்று நீ சிரிப்பாய். சிரி.

மாடல் ரயில் சேர்க்கிறவன் எவனையும் கேட்டுப் பார். என் அலமாரியில் பதினோரு எஞ்சின்கள் நிற்கின்றன. ஒன்றின் விலைகூட எனக்கு நினைவில்லை. வாங்காமல் விட்டது மூன்று. மூன்றின் விலையும் பைசாவோடு சொல்வேன். சென்னை பர்மா பஜாரில் லிமா என்ற இத்தாலிய மாடல் ரயில் பெட்டி, 1,400 ரூபாய். ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்க வேண்டுமே என்று வைத்துவிட்டு வந்தேன். தூத்துக்குடியில் கப்பல்காரர் ஒருவர் காட்டிய மார்க்லின் இசட் என்ற ஜெர்மன் குட்டி ரயில், 5,200. ஆறரை மில்லிமீட்டர் தண்டவாளத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் எஞ்சின், நீராவி வண்டிக்குரிய கம்பிகள் எல்லாம் அசைந்தன. அந்த இரண்டையும் யாரிடமும் சொல்லிப் புலம்பலாம். கையில் காசில்லை, அவ்வளவுதான். மூன்றாவதை எங்கே போய்ப் புலம்புவது?

2007, ஆனி மாதம். கச்சான் வீசிக்கொண்டிருந்தது. மண்டபத்திலிருந்து உன் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறி வந்தேன். அந்த மாதம் உங்கள் வீட்டில் என்ன நிலைமை என்பதை இங்கே எழுத மாட்டேன். உன் அக்கா, நம் ராத்தா, இதைப் படிப்பார், அவர் பிள்ளைகளும் படிப்பார்கள். என்னை ஏன் கூப்பிட்டாய் என்பது எனக்கு வாசலிலேயே புரிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

நீ பெட்டியை நடுக்கூடத்தில் வைத்தாய். உம்மா தட்டில் தொதல் அல்வா அனுப்பினார். மூடியைத் திறந்ததும் வந்த வாசம், பழைய எண்ணெயும் அட்டையும் கற்பூரமும் கலந்த அந்த வாசம், இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. எஞ்சினைக் கையில் எடுத்தேன். ஒரு பெட்டியின் கூரை நசுங்கியிருந்தது, தண்டவாளத்தில் துரு, மற்றபடி பெயிண்ட் அப்படியே இருந்தது. சாவியைப் போட்டு நாலு முறுக்கு முறுக்கினேன். சக்கரம் சுற்றவில்லை.

எஞ்சினின் பின்புறம், ஓட்டுநர் நிற்கும் இடத்தில், இரண்டு சிறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முன்னே பின்னே ஓட்டுவதற்கு. மற்றொன்று பிரேக். பிரேக் போட்டிருந்தது. மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவனுக்கு இது தெரியாதா? பார்த்த நொடியில் தெரிந்தது. என் கட்டைவிரல் அந்தக் கம்பியின் மேல்தான் இருந்தது. ஒரு தள்ளு. அந்தக் கூடத்தில் ரயில் ஓடியிருக்கும், உம்மா வாசல்வரை வந்து பார்த்திருப்பார், நீயும் நிமிர்ந்து உட்கார்ந்து விலை சொல்லியிருப்பாய்.

நான், "ஸ்பிரிங் போய்விட்டது, மாப்பிள்ளை" என்றேன். வாயில் தொதல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கரைந்து தீரும்வரை இரண்டு முறை சொன்னேன்.

நீ ஆறாயிரம்தான் கேட்டாய். நான் மூவாயிரத்து ஐந்நூறு என்றேன். சட்டைப் பையில் ஏழாயிரம் இருந்தது. செப்புக் கம்பி வாங்க வைத்திருந்த பணம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செப்புக் கம்பியைக் கடனுக்குக் கொடுக்க ராமநாதபுரத்தில் கடை இருந்தது. அந்த மாத நெருக்கடியில் நீயே ஒரு வாரத்தில் இறங்கி வருவாய் என்று கணக்குப் போட்டேன். "யோசித்துச் சொல்" என்று எழுந்தேன். 1996-இல் பட்டறை தொடங்கப் பத்தாயிரம் கொடுத்தவனிடம், எப்போது தருவாய் என்று ஒரு நாளும் கேட்காதவனிடம், இப்படிச் சொன்னேன். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்; படிக்கிறவர்களில் நம் வகுப்புக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நீ செய்தது சரியா? அதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும். பத்தாம் நாள் காரைக்குடியிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரியிடம் மூவாயிரத்துக்குக் கொடுத்துவிட்டாய். என் விலையைவிட ஐந்நூறு குறைவு! தேக்குத் தூணும் பித்தளைக் குத்துவிளக்கும் விற்கிற ஒருவருக்கு. எனக்கு ஒரு போன் இல்லை, ஒரு வார்த்தை இல்லை; பஸ் நிலையத்து டீக்கடையில் மூன்றாம் மனிதன் சொல்லித் தெரிந்துகொண்டேன். உனக்குக் கொடுப்பதைவிட ரோட்டில் போகிறவனுக்குக் கொடுப்பேன் என்று எனக்குச் சொல்லிக் காட்டினாய் என்றுதான் பத்தொன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மகள் கல்யாணத்துக்கு வந்த நான் பந்தியில் உட்காராமல் போனது அதனால்தான். முதுகுவலி எல்லாம் இல்லை.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருந்தார். நம்மைப் போல் சேர்க்கிறவர், நல்ல மனிதர். யாரோ ஒன்பதாயிரத்துக்கு விற்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தார். படத்தைத் திறந்தேன். அதே பெட்டி. மூடியின் உள்பக்கம் உம்மம்மாவின் ஊதா மைக் கையெழுத்து, அரபு எழுத்தில் எழுதும் தமிழான அர்வியில். விற்கிறவர் போட்டிருந்த குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தார்: "ஓடாது. ஸ்பிரிங் போய்விட்டது."

என் வார்த்தை. எழுத்து மாறாமல் என் வார்த்தை.

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பின்பக்கப் படத்தில் அந்தப் பிரேக் கம்பி, நான் விட்ட இடத்திலேயே நின்றது. அப்படியானால் நீ அதைத் தொடவே இல்லை. என்னை நம்பியிருக்கிறாய். வியாபாரி வந்தபோது நேர்மையாக "ஸ்பிரிங் போனது" என்று சொல்லியிருக்கிறாய். அதனால்தான் அவர் மூவாயிரத்துக்கு இறங்கியிருக்கிறார். பழுதான சாமானைப் பழகியவன் தலையில் கட்ட வேண்டாம் என்றும் நினைத்திருப்பாய். நீ அப்படி நினைக்கக்கூடியவன்தான். நான் சொன்ன பொய் கீழக்கரையிலிருந்து காரைக்குடிக்குப் போய், அங்கிருந்து எத்தனை கை மாறியதோ, கடைசியில் என் மேசைக்கே வந்து நிற்கிறது. அன்று நான் முறுக்கிய நாலு முறுக்கும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். ஐம்பது வருடம் உங்கள் வீட்டில் இருந்த வண்டி! அதற்கு பிரேக் உண்டென்று அந்த வீட்டில் ஒருவனுக்கும் தெரியாதா? ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? என்னை ஏன் அப்படி நம்பினாய்?

சரி. அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்க்காரருக்கு நான் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. ஸ்பிரிங் போனதை ஒன்பதாயிரத்துக்கு வாங்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர் விலகிவிடுவார். பிறகு நான் வாங்கிக்கொள்ளலாம். பணம் இருக்கிறது. ஹார்ன்பி ஓர் அபூர்வப் பொருள் அல்ல. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பொம்மை, தேடினால் இன்றும் இதே எஞ்சின் கிடைக்கும். எனக்கு வேண்டியது இந்த மூடி. நாம் பன்னிரண்டு வயதில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்த தரையில், உம்மம்மா ஒரு கையில் தஸ்பீஹ் மணியும் மறு கையில் சாவியுமாகக் காவல் இருக்க, பெருநாளைக்குப் பெருநாள் மட்டும் ஓடிய அந்த வண்டி வேண்டும். அந்த வயதில் பாம்பன் பாலத்தில் மீட்டர் கேஜ் பெட்டி ஊர்ந்துபோகும்போது நான் வாசற்படியில் தொங்க, என் சட்டைக் காலரை விடாமல் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தாய். பாலம் தாண்டிய பிறகும் விடவில்லை. பொத்தான் ஒன்று அறுந்து வீட்டில் அடி வாங்கினேன்.

அந்த வரியை எழுதியும்விட்டேன். அனுப்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில், "ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கும், வாங்குங்கள். பின்னால் இருக்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று பிரேக். முதலில் பழைய கிரீஸைத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, பிறகு கம்பியை மெதுவாக மறுபக்கம் தள்ளுங்கள்" என்று எழுதினேன். வாங்கிவிட்டார். நேற்று இரவு காணொளி அனுப்பினார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடுகிறது. அவருடைய பேரன் கத்துகிற கத்தலில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை.

நல்லவனாகக் காட்டிக்கொள்ள எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். மூவாயிரம் நஷ்டத்தை இப்போது அனுப்பினால் நீ வாங்க மாட்டாய், அனுப்பவும் போவதில்லை. அது இன்னொரு பேரமாகிவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மூடியின் படத்தைப் பெரிதாக அனுப்பச் சொல்லி வாங்கியிருக்கிறேன். உனக்குத் தனியாக அனுப்புகிறேன், இங்கே போடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று பெருநாளன்று உன்னைக் கேட்டபோது, "பிள்ளைகள் தொடக்கூடாது" என்று படித்துக் காட்டினாய். உனக்கும் அர்வி படிக்க வராது என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது எண்ணிப் பார்த்தேன், நான்கு வரி இருக்கிறது. கடைசி வரியில் மை ஊறிப் படர்ந்திருக்கிறது. தொடக்கூடாது என்று சொல்ல நான்கு வரி எதற்கு?

ராத்தாவுக்குப் படிக்கத் தெரியும். அந்த வாசலுக்கு நான் போய்க் கேட்க முடியாது. நோன்பு திறந்த பிறகு, அவர் சற்று ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, நீ கேட்டுச் சொல்.

மண்டபத்திலிருந்து,
உன் மாப்பிள்ளை