பெற்றோருக்கு: முதல் பருவச் செய்திகளும் செப்டம்பர் 5 ஏற்பாடுகளும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முதல் இடைப்பருவத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்திருக்கும். கையெழுத்திட்டு அனுப்பியவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். சுதந்திர தின விழா சிறப்பாக நடந்தது. குறுவட்டப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் நன்றாக விளையாடினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். காலாண்டுத் தேர்வு அட்டவணை விரைவில் வரும்.

அதற்கு முன் ஆசிரியர் தினம் வருகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அன்று முதல் இரண்டு பாடவேளைகளில் 12ஆம் வகுப்பு மாணவர்கள் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பார்கள். வகுப்புக்கு இரண்டு பேர்: ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் பின்வரிசையைப் பார்த்துக்கொள்ள. மூன்று நாளுக்கு முன்பே ஒரு பக்கப் பாடக்குறிப்பு எழுதிப் பாட ஆசிரியரிடம் காட்ட வேண்டும். குறிப்பில்லாமல் போனால் பத்து நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். மீதி நேரம் வகுப்பு சந்தைக்கடைதான். ஆய்வகம் அன்று மாணவர் பொறுப்பில் இராது. சேலை, வேட்டிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சேலையைக் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி கட்டி, ஊக்கு குத்தி அனுப்புங்கள். மாடிப்படியில் கொசுவம் தடுக்கி விழுவது அந்த நாளின் வழக்கமான விபத்து.

இனி, வசூல் பற்றி.

சில வகுப்புகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஆசிரியர் தினப் பரிசுக்கெனப் பணம் திரட்டப்படுவதாகத் தெரிகிறது. அன்பினால் செய்கிறீர்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். தலைக்கு 200 ரூபாய் என்றால் 40 பேர் உள்ள வகுப்பில் 8,000 ரூபாய். பக்கத்துப் பிரிவில் பட்டுச்சேலை என்று கேள்விப்பட்டால் இங்கே வெள்ளிக் குத்துவிளக்கு. யார் கொடுத்தார்கள் என்று பச்சைக் குறியிட்ட பட்டியல் குழுவில் வந்ததும், குறியில்லாத பெயர்கள் நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிடுகின்றன. இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது 400 ரூபாய். மாதத் தொடக்கத்தில் வாடகையோடு சேர்ந்து வருகிறது. தர முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அன்று காலை வயிற்றுவலி வரும்.

இன்னொன்று. அன்று பரிசு வாங்கும் கைதான் அடுத்த சில வாரங்களில் காலாண்டு விடைத்தாளையும் திருத்தப்போகிறது. ஆசிரியர் எவ்வளவு நேர்மையாக மதிப்பெண் போட்டாலும், ‘அந்தப் பட்டுச்சேலை வேலை செய்திருக்கிறது’ என்று யாராவது சொல்ல இடமாகிவிடும். அந்தப் பேச்சை எங்கள் ஆசிரியர்கள் மேல் விழ விடமாட்டேன்.

எனவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: செப்டம்பர் 5 அன்று பணம், துணி, நகை, பரிசுக் கூப்பன் எதையும் எந்த ஆசிரியரும் வாங்கமாட்டார். கொண்டுவந்தால் அலுவலகத்தில் வைத்து, மாலையில் பெற்றோரை அழைத்துத் திருப்பித் தருவோம். ஏற்கெனவே திரட்டிய பணத்தை, கொடுத்தவர்களுக்கே தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். ‘சரி, நன்கொடையாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்பதும் வேண்டாம், அதுவும் வசூல்தான்.

கேக்கும் வேண்டாம். காலை எட்டு மணிக்கு வாங்கிய க்ரீம் கேக் பதினொன்றரை வரை மேசையில் காத்திருக்கும். குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த க்ரீமைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஸ்னோ ஸ்ப்ரேக்கு இடமே இல்லை: டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு, பக்கத்தில் மெழுகுவத்தி இருந்தால் பற்றிக்கொள்ளும். ப்ளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப், துணிபோலத் தெரியும் நெய்யாத ப்ளாஸ்டிக் பை ஆகியவை 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

என்னதான் தரலாம்? ஒரு கடிதம். அரைத்தாள் போதும், உறை வேண்டாம், பிள்ளையின் சொந்தக் கையெழுத்து. ‘நீங்கள் சிறந்த ஆசிரியர்’ என்று எழுதினால் எல்லாக் கடிதமும் ஒன்றுபோல் இருக்கும். ‘பின்னக் கணக்கைத் தோசையை வெட்டிக் காட்டியதும் புரிந்தது’ என்று நடந்த ஒன்றை எழுதச் சொல்லுங்கள். ஐந்து வரி தேறாவிட்டால் இரண்டு வரி. பிழை திருத்தாதீர்கள், அது தமிழாசிரியரின் வேலை, அவர் ஆசையாகச் செய்வார். வீட்டுத் தோட்டத்துப் பூ ஒன்று இருந்தால் சேர்த்து அனுப்பலாம். கடிதம் எழுதாத பிள்ளையிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த நாளுக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் 1921இல் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனபோது, அவர் ஏறிய வண்டியை மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். அவர்களுக்குத் தோள்வலிதான் செலவு.

பரிசுக்காக அலைந்து விலை விசாரித்த வகுப்புப் பிரதிநிதிகளுக்கு இந்தக் கடிதம் மனவருத்தம் தரலாம். உங்கள் உழைப்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறீர்கள், திடலைச் சுத்தம் செய்யக் கை கொடுக்கிறீர்கள், பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்புகிறீர்கள். அதற்கெல்லாம் எங்கள் அனைவரின் நன்றி. ஐயமிருந்தால் மாலை நான்கு மணிக்குமேல் அலுவலகத்தில் என்னைச் சந்திக்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்