சம்பல் அரைத்தாச்சா என்று கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு மைசூர் வழியாக நீலகிரிக்கு வருகிறாய் என்றதும் அம்மா பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். அது வீட்டுச் சாப்பாட்டுக்கு. நீ கேட்டது, இந்த மலைக்காரர்கள் சாப்பிடுவது வெளியே சின்னக் கடைகளில் எங்கே கிடைக்கும் என்று. கடைப் பெயர் எழுதப் போவதில்லை. நாலு மேசை போட்ட கடையில் அடுப்படி ஆள் மாறினால் ருசி அன்றைக்கே மாறிவிடும். எந்த நேரத்துக்குப் போவது, எதைச் சொல்லிக் கேட்பது, தட்டில் எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் கடையை நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். திறக்கும்போது கேட்டில் நின்றால் எட்டு மணி வாக்கில் கூடலூர் வந்துவிடலாம். புட்டு, அரிசிமாவு ரொட்டியான பத்திரி, இடியாப்பம் மூன்றுக்கும் அதுதான் நேரம். ஒன்பதரைக்கு மேல் கிடைப்பது மிச்சம். பத்து மணி ஆனால் கல்லில் பரோட்டா ஏறிவிடும், அப்புறம் எல்லாக் கடையும் ஒரே கடைதான்.

மெயின் ரோட்டுப் பலகையில் தந்தூரி, சைனீஸ் என்று எழுதியிருப்பது ஊட்டிக்குப் போகிற வழியில் இறங்கி ஏறும் கூட்டத்துக்காக. மார்க்கெட் ஓரம், பஸ் ஸ்டாண்டின் பின்பக்கச் சந்து, எஸ்டேட்டுக்கு ஜீப் கிளம்பும் இடம், இந்த மூன்றிலும் தேடு. சுமை இறக்குகிறவர்களும் ஜீப் டிரைவர்களும் உட்கார்ந்திருக்கும் கடையில் பலகையே இருக்காது. என்ன இருக்கிறது என்று வாயால்தான் கேட்கவேண்டும்.

மலையேறி வந்து இட்லி மட்டும் கேட்காதே. மாவு நன்றாகப் புளிக்க 28, 30 டிகிரி வெப்பம் வேண்டும். இங்கே இரவுக் குளிரில் அது அசையாமல் கிடக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்துப் புளிக்க வைப்பவர்கள் உண்டு. பொறுமை இல்லாதவர்கள் சோடா உப்பைக் கூட்டிப் போடுவார்கள். இட்லி லேசாக மஞ்சள் தட்டி, சோப்பு வாடை அடித்தால் அதுதான் காரணம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பயறு, அவரையெல்லாம் வேக நேரம் பிடிக்கும், அவசரக் கடையில் சாம்பார்ப் பருப்பு நறநறக்கும். புளிக்க வைக்கத் தேவையில்லாத பண்டங்கள்தான் இங்கே நம்பிச் சாப்பிடக்கூடியவை. அவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து இங்கே தங்கியவர்களுடைய பண்டங்கள்.

அதில் முதலாவது சிலோன் சாப்பாடு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டங்களே வந்தன. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம், தேவாலா என்று பந்தலூர்ப் பக்கம் போகப் போக லயங்கள் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளும் அந்தச் சமையலும் கூடவே வரும். ‘சிலோன் சாப்பாடு இருக்கா’ என்று கேட்டால் கடைக்காரர் உன்னை டூரிஸ்ட் என்று முடிவு கட்டி, முட்டை போட்ட பரோட்டா ஒன்றை அதே பெயரில் நீட்டிவிடுவார். ‘சம்பல் அரைத்தாச்சா?’ என்று கேள். சம்பல் என்பது தேங்காய்ப்பூவும் மிளகாயும் சேர்த்து அரைக்கிற அவர்கள் துவையல். ‘இப்பத்தான் அரைச்சது’ என்று பதில் வந்தால் உட்கார். ‘இருக்கு’ என்று மட்டும் வந்தால் டீ குடித்துவிட்டு நட.

ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். காலையில் அரைத்த சம்பல் மதியத்துக்குள் புளிப்பு ஏறி, குளிரில் வெள்ளை மணி மணியாகக் கொழுப்புத் திரண்டு நாக்கில் மெழுகுபோல ஒட்டும். நல்ல கடையில் கொஞ்சமாக அரைப்பார்கள், தீர்ந்தால் மறுபடி அரைப்பார்கள்.

பெங்களூர் வீட்டிலும் செய்யத்தானே போகிறாய், முறையை எழுதிவிடுகிறேன். நாலு பேருக்கு ஒரு மூடித் தேங்காய், செத்தல் என்கிற காய்ந்த மிளகாய் எட்டு, சின்ன வெங்காயம் எட்டு, பொடித்த மாசிக் கருவாடு ஒரு மேசைக்கரண்டி, முக்கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சம்பழம். அம்மியில் முதலில் மிளகாயும் உப்பும் மாசியும். அவை தூளானதும் வெங்காயம், நசுங்கினால் போதும். தேங்காய்ப்பூ கடைசியில்தான், அதையும் அரைக்கக் கூடாது. குழவியை இரண்டு மூன்று தடவை ஓட்டி நிறம் பிடிக்க வைத்தால் சரி. எலுமிச்சை பிழிவது அம்மியிலிருந்து வழித்த பிறகு. மிக்சியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் சூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு, நம் சட்னி ஆகிவிடும். மிக்சிதான் என்றால் மிளகாய், உப்பு, மாசியைத் தனியாகப் பொடித்து, வெங்காயத்துக்கு ஒரே ஒரு சுற்று விட்டு, தேங்காயைக் கையால் பிசைந்துகொள். கடையில் பார்க்கவேண்டியதும் இதையேதான். தேங்காய்ப்பூ உதிரியாக, ஆரஞ்சு நிறத்தில் நிற்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தால் பழசு.

இதற்குச் சரியான ஜோடி தேங்காய் ரொட்டி. கோதுமை மாவோ மைதாவோ இரண்டு பங்கு, தேங்காய்ப்பூ ஒரு பங்கு, பொடியாக அரிந்த பச்சை மிளகாய், வெங்காயம், உப்பு. தண்ணீர் தெளித்துப் பிசைந்து அரைமணி ஊறவிட்டு, அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கையாலேயே தட்டி, எண்ணெய் இல்லாமல் இரும்புக் கல்லில் போடுவார்கள். தீ குறைவாகத்தான் இருக்க வேண்டும். கூடினால் தேங்காய் முதலில் கருகி நடுவில் மாவு பச்சையாக நிற்கும். பிட்டுப் பார், உள்ளே பளபளவென்று ஈரக்கோடு தெரிந்தால் திருப்பிக் கல்லில் போடச் சொல், கூச்சப்படாதே. தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல் கேள். அதில் தேங்காய் கிடையாது. வெங்காயமும் மிளகாயும் உப்பும் மாசியும் எலுமிச்சையும்தான். காரம் கண்ணில் நிற்கும், சொல்லி வைத்துவிடுகிறேன்.

இடியாப்பத்துக்குச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு. தேங்காயின் இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி ஓரம் சூடேறியதும் இறக்க வேண்டும். அது தளதளவென்று கொதித்தால் திரிந்து மேலே எண்ணெய் பிரியும். எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தாலும் இதே கதைதான். காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வந்தால் அது திருநெல்வேலிச் சொதி. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீ தேடி வந்தது வேறு.

சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கொத்து ரொட்டி. நம் கொத்து பரோட்டா அடுக்கடுக்கான பரோட்டாவைக் கொத்துவது. சிலோன் கொத்துக்கு அடுக்கில்லாத மெல்லிய கோதம்பா ரொட்டி வேண்டும். கேரட், லீக்ஸ், முட்டைக்கோஸ் மூன்றும் கல்லில் முதலில் வதங்கி, முட்டை உடைந்து, பிறகு ரொட்டி, கடைசியில் கறிக்குழம்பு. லீக்ஸ் இந்த மலையிலேயே விளைகிறது, ஆகவே இல்லை என்று கடைக்காரர் சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்றே எடுத்துக்கொள். குழம்பை முதலிலேயே ஊற்றினால் ரொட்டி கூழாகும், ஊற்றாவிட்டால் சவசவ என்று இழுக்கும்.

சைவச் சிநேகிதி யாராவது இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லிவிடு: மாசி என்பது காய்ந்த மீன். பொடித்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் அதைத் தனியாகச் சொல்லத் தோன்றாது. ‘மாசி போடாத சம்பல்’ என்று முதலிலேயே கேட்டால் புதிதாக அரைத்தும் தருவார்கள்.

கூடலூரில் மலபார் முஸ்லிம் கடைகள் ஏராளம். அங்கே பத்திரி. வறுத்த நைஸ் அரிசிமாவை உப்புப் போட்ட கொதிநீரில் கிளறி, சூடு ஆறுமுன் பிசைந்து, தேய்த்து, எண்ணெய் இல்லாமல் வாட்டுவார்கள். பூரிபோல ஒரு தடவை உப்ப வேண்டும். ஆறிய மாவைத் தேய்த்தால் ஓரம் வெடிக்கும். ஓரம் முழுசாக இருந்து, நாலாக மடித்தும் விரியாவிட்டால் நல்ல கை. சில இடங்களில் மேலே தேங்காய்ப்பால் தடவித் தருவார்கள், இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. புட்டுக்கு மாவு பதம் கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், சுண்டினால் உதிர வேண்டும். தட்டில் விழுந்த குழல் விரல் பட்டும் உதிராமல் விறைத்து நின்றால் தண்ணீர் கூடிவிட்டது. இந்தக் கடைகளில் மாட்டிறைச்சி சாதாரணம்; சாப்பிடாதவர்கள் குழம்பு கேட்கும்போது எந்தச் சட்டியிலிருந்து ஊற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளட்டும். முடித்ததும் பால் டீ வேண்டாம். சுலைமானி, இல்லையென்றால் கட்டன். டீத்தூள் எப்படிப்பட்டது என்பது பாலில்லாத டீயில்தான் தெரியும்.

அங்கிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். வயிறு முட்டச் சாப்பிட்டு நடுவட்டம் வளைவுகளில் ஏறாதீர்கள்.

கோத்தகிரியில் இந்த மலையின் படகர் சமூகத்துச் சாப்பாடு கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் அது கடையில் அபூர்வம். வீட்டிலும் ஹட்டி என்கிற அவர்கள் ஊர்த் திருவிழாவிலும்தான் முழுசாக இருக்கும். சின்ன மெஸ்களில் மதியம் மட்டும் அவரை உதக்க கிடைக்கலாம். இரவே ஊறவைத்த அவரையும் உருளைக்கிழங்கும் அவர்கள் மசாலாவும் போட்ட குழம்பு அது. அவரையை விரல் நடுவில் வைத்து அழுத்தினால் மசிய வேண்டும், தோல் மட்டும் கழன்று பருப்பு விறைத்திருந்தால் ஊறவில்லை. கூட ராகிக் களி இருந்தால் ஈரக்கையால் தொட்டுப் பார், ஒட்டாமல் இருந்தால் வெந்திருக்கிறது. துப்பதிட்டு என்கிற பொரித்த ரொட்டி கிடைத்தால் விடாதே. ரிசார்ட்டுகளில் ‘பழங்குடி விருந்து’ என்று பலகை வைத்து ஆள் தலைக்கு வசூலிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யாராவது அழைத்தால் ஒழிய ஹட்டிக்குள் சாப்பாடு தேடிப் போகவும் வேண்டாம்.

ஊட்டி வர்க்கி என்கிற ஏடு ஏடான மொறுமொறுப் பிஸ்கட்டை உன் சிநேகிதிகள் கட்டாயம் கேட்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கண்ட கண்ட கடையிலும் பாக்கெட். விறகடுப்பு வைத்திருக்கும் பேக்கரியில் போய், அடுப்பிலிருந்து எடுக்கும் நேரம் கேட்டு வாங்கு. மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்க வைத்த மாவைத்தான் ஈஸ்டுக்குப் பதில் போடுவார்கள்; அதன் லேசான புளிவாடை நல்ல வர்க்கியில் தெரியும். வடிவம் ஒன்றுபோல ஒன்று இருக்காது. உடைத்தால் ஏடு ஏடாக உதிர வேண்டும். தின்றபின் மேலண்ணத்தில் படலமாக ஒட்டினால் வனஸ்பதி அதிகம். கால் கிலோவுக்கு மேல் வாங்காதே, கீழே இறங்கினால் காற்றின் ஈரத்தில் நமத்துவிடும். நமத்ததை வெறும் கடாயில் சிறு தீயில் புரட்டினால் ஓரளவு மீளும்.

வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிடு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டிலும் மூடி இறுக்கமான இரண்டு டிபன் டப்பாவும் எடுத்து வா, சொதி பார்சல் வாங்க அதுதான் ஆகும். எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை என்று முன்கூட்டி எழுது. அம்மா மாசி போடாமல் தனியாக அரைத்து வைக்கவேண்டும் என்கிறாள்.

அப்பா